முதல் நைற்றோ கார்: வாங்குமுன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

எஸ்பியர்க்கில் கோடை விடுமுறை நெருங்கிய நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. பதின்மூன்று வயது மகன் நைற்றோ எரிபொருளில் ஓடும் றிமோட் கார் வேண்டும் என்றான். பற்றரியில் ஓடும் கார் ஒன்று அவனிடம் ஏற்கனவே இருக்கிறது. “அது விளையாட்டுச் சாமான் அப்பா. இதிலை உண்மையான எஞ்சின் இருக்கு. புகை வரும், சத்தம் வரும்” என்றான். “புகையும் சத்தமும் எங்களுக்கு என்னத்துக்கு?” என்று அவனுடைய அம்மா கேட்டா.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்து முடியுமுன் அவசரப்பட்டு ஒரு பிழையும் விட்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன். இதே கேள்வி மற்ற வீடுகளிலும் எழுவதால், நான் அறிந்துகொண்டவற்றை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

எஞ்சினும் எரிபொருளும்

இந்தக் கார்களில் இருப்பது சிறிய இரு அடிப்பு எஞ்சின். மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் தீப்பொறி பறக்கும் பிளக் இதில் இல்லை. பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் உள்ள ‘குளோ பிளக்’ இருக்கிறது. சிறிய பற்றரி ஒன்றினால் அதைச் சூடாக்கி, கயிற்றை இழுத்து ஸ்ரார்ட் செய்ய வேண்டும். ஓடத் தொடங்கியதும் பற்றரியைக் கழற்றிவிடலாம். எரிதலின் சூடும், பிளாற்றினத்துடன் மெதனோல் தாக்கமுறுவதும் சேர்ந்து அந்தச் சுருளைத் தணலாகவே வைத்திருக்கும்.

எரிபொருளில் மூன்று பொருட்கள் உண்டு. பெரும்பங்கு மெதனோல். அதனுடன் நைத்திரோமெதேன். மூன்றாவது எண்ணெய், பல எரிபொருட்களில் அது ஆமணக்கெண்ணெயும் செயற்கை எண்ணெயும் கலந்தது. எஞ்சினுக்கு வேறாக எண்ணெய் விடும் வழி இல்லை. எரிபொருளோடு போகும் எண்ணெய்தான் அதன் உயிர். காபரேற்றரின் ஊசித் திருகை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் எரிபொருள் குறையும், எண்ணெயும் குறையும், எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். புதிதாக வாங்குபவர்கள் எஞ்சினைப் பழுதாக்குவது பெரும்பாலும் இப்படித்தான். திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாகவே திருப்ப வேண்டும். புகைக் குழாயில் எப்போதும் மெல்லிய நீலப் புகை தெரிய வேண்டும்.

ஊரில் வளர்ந்த அப்பாக்களுக்கு இது புதிய கதை அல்ல. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல். புகையின் நிறத்தைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் காபரேற்றரைத் திருப்பியவர்கள் நாங்கள். தோட்டத்து இறைப்பு மெசினைக் கயிறு சுற்றி இழுத்துப் பழகிய கை இங்கே உதவும். ஆனால் இந்தக் கயிறு மெல்லியது. முழு நீளத்துக்கும் இழுத்தால் அறுந்துவிடும். இழுபடாமல் இறுகி நின்றால் பலம் போடக்கூடாது. எரிபொருள் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி, துணியொன்றை மேலே பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தால் அது வெளியே வந்துவிடும்.

எந்த அளவு, எந்த வகை?

கார்கள் உண்மையான வாகனத்தின் எத்தனையில் ஒரு பங்கு என்ற அளவில் விற்கப்படுகின்றன. பத்தில் ஒன்று, எட்டில் ஒன்று ஆகிய இரண்டும்தான் அதிகம். பத்தில் ஒன்று அளவுக் கார்களில் ஏறக்குறைய 2 முதல் 3 கனசென்ரிமீற்றர் எஞ்சின் இருக்கும். எட்டில் ஒன்றில் 3.5 அல்லது அதற்கு மேல். பெரியது வேகமானது, பலமானது. ஆனால் எரிபொருளும் கூடக் குடிக்கும், பாகங்களும் விலை கூட.

முதல் காருக்கு நான் சொல்வது பத்தில் ஒன்று அளவில், உயரமான சக்கரம் கொண்ட ட்ரக் அல்லது பகி. தாழ்ந்த வீதிக் கார் அழகாக இருக்கும். ஆனால் மிக மட்டமான தளத்தில் மட்டுமே ஓடும். எட்டில் ஒன்று பகி உறுதியானது, போட்டிக்காரர் விரும்புவது. மூன்று கிலோவுக்கு மேல் எடை உள்ள அதைப் பழகாத கையில் கொடுக்க நான் தயங்குவேன்.

பெட்டியில் ‘ஓடத் தயார்’ என்று எழுதியிருந்தாலும் பல பெட்டிகளில் எரிபொருள், குளோ பிளக்கைச் சூடாக்கும் கருவி, றிமோட்டுக்கான பற்றரி, எரிபொருள் ஊற்றும் போத்தல் ஆகியவை இருக்காது. விலை பார்க்கும்போது இவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு மேலதிக குளோ பிளக், ஒரு காற்று வடிகட்டி, எஞ்சின் வெப்பம் பார்க்கும் மானி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 முதல் 120 பாகை செல்சியஸ் வரை பொதுவாக நல்ல வெப்பநிலை.

வேகத்தை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இதன் பாகங்கள் அடுத்த வருடமும் கிடைக்குமா? பற்றரிக் கார்கள் மிகவும் முன்னேறிவிட்டதால் கடைகளில் நைற்றோ வகைகள் குறைந்துவிட்டன. ட்ராக்சாஸ், கியோஷோ போன்ற பழைய நிறுவனங்களின் மாதிரியாக இருந்தாலும், கடைக்காரரிடம் முன் சக்கரத்தைத் தாங்கும் கை, கிளச், பற்சக்கரம் இந்த மூன்றும் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். அடிக்கடி உடைவதும் தேய்வதும் இவைதான்.

என்னுடைய பிழை இங்கேதான் நடந்தது. இணையத்தில் ஒருவர் விற்ற பழைய பெரிய ட்ரக்கை மலிவு என்று வாங்கிவந்தேன். எஞ்சின் சூடாகும் வரை ஓடியது, சூடானதும் நின்றது. சிலிண்டர் தேய்ந்துபோயிருந்தது, அந்த மாதிரிக்குப் பாகமும் இல்லை. பழையது வாங்கினால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது நன்றாக இறுக வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் விட்டுவிடுங்கள்.

எரிபொருள் சட்டம்

இதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். நைத்திரோமெதேன் வெடிபொருள் தயாரிக்கப் பயன்படக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1148 இலக்க ஒழுங்குவிதி அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. 2021 பெப்ரவரி 1 முதல், எடையில் 16 வீதத்துக்கு மேல் நைத்திரோமெதேன் உள்ள எரிபொருளைப் பொதுமக்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாங்கவோ, கொண்டுவரவோ, வைத்திருக்கவோ, பாவிக்கவோ முடியாது. அதற்குமுன் இந்த எல்லை 30 வீதம்.

பழைய காணொளிகளில் 25 வீதம், 30 வீதம் போடச் சொல்வார்கள். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரும் அப்படித்தான் சொல்வார். அங்கே அது சாதாரணம், இங்கே குற்றம். இன்னொரு சிக்கலும் உண்டு. நைத்திரோமெதேன் மெதனோலை விடப் பாரமானது. கனவளவில் 16 வீதம் என்று எழுதிய கலன் எடையில் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே டென்மார்க்கிலோ ஒன்றியத்தின் வேறு நாட்டிலோ உள்ள கடையில், எடையில் 16 வீதமோ அதற்குக் குறைவோ என்று தெளிவாக எழுதப்பட்டதை மட்டும் வாங்குங்கள். பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். தொடக்ககாரருக்கு இந்த அளவு தாராளமாகப் போதும். நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது தண்டப் பதிவும் பார்க்கப்படும் நாட்டில் இருக்கிறோம். விளையாட்டுக் காருக்காக அந்தக் கடதாசியில் கறை விழக்கூடாது.

மெதனோல் நஞ்சு. கசிப்பு குடித்துக் கண் பார்வை இழந்தவர்களின் கதை எங்களுக்குத் தெரியும். அதே பொருள்தான் இது. தோல் வழியாகவும் உடலில் சேரும். கையுறை போடுங்கள், வெளியில் நின்று ஊற்றுங்கள், சோடாப் போத்தலில் ஒருநாளும் மாற்றி ஊற்றாதீர்கள். மெதனோல் எரியும் தீச்சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவது கடினம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். மிச்ச எரிபொருளைக் கானில் ஊற்றாமல், கொம்யூனின் கழிவு நிலையத்தில் ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது மருமகனுக்கு என்று பயணப் பெட்டியில் எரிபொருள் வைக்கவும் கூடாது. விமானத்தில் அதற்கு இடமில்லை.

எங்கே ஓட்டுவது?

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு என் நேரான ஆலோசனை: பற்றரிக் காரே போதும். இந்த எஞ்சினின் சத்தத்தைக் குடியிருப்பு முற்றத்தில் அயலவர் ஒருநாள் பொறுப்பார், இரண்டாம் நாள் முறைப்பாடு வரும். பொது வீதியில் ஓட்டவே கூடாது. றிமோட் கார்க் கழகத்தின் ஓடுதளம் எட்டக்கூடிய தூரத்தில் உண்டா என்று முதலில் பாருங்கள். கழகத்துக்கு வெறுங்கையோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாங்கினால், அங்கே எல்லோரும் ஓட்டும் மாதிரி எது, பாகம் யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் ஒரே பின்னேரத்தில் தெரிந்துவிடும்.

கடற்கரை பக்கத்தில் இருப்பதால் அங்கே ஓட்டலாம் என்று மகன் சொன்னான். மணலும் உப்பும் இந்த எஞ்சினுக்கு எமன். காற்று வடிகட்டியைத் தாண்டி ஒரு சிட்டிகை மணல் போனாலும் சிலிண்டர் கீறுப்படும். உப்புக் காற்று போல் பெயரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும். வாடன் கடல் பகுதி தேசிய பூங்கா என்பதால் பறவைகளின் அமைதியையும் எண்ண வேண்டும்.

எங்கள் துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு நிமிடப் படகுப் பயணத்தில் உள்ள பனோ தீவின் கடற்கரையில் 1919 முதல் 1924 வரை உண்மையான கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1924 இல் ஆங்கிலேய ஓட்டுநர் மல்கம் கம்பலின் காரிலிருந்து ரயர் ஒன்று கழன்று, பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சிறுவனைக் கொன்றது. அத்துடன் அங்கே பந்தயம் முடிந்தது. எங்கள் கார் சிறியதுதான். ஆனால் மூன்று கிலோ எடையுள்ள பொருள் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருவது, குழவிக்கல் பறந்து வருவதற்குச் சமம். ஓட்டுபவர் உயரமான இடத்தில், பார்ப்பவர் தடுப்புக்குப் பின்னால். சின்னப் பிள்ளைகள் ஓடும் புல்வெளியில் இதை ஒருபோதும் ஸ்ரார்ட் செய்யக்கூடாது.

றிமோட்டின் தொடர்பு அறுந்தால் காரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வசதி உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். காரில் உள்ள பற்றரி இறங்கிவிட்டால், எஞ்சின் நிற்காமல் கார் கட்டுப்பாடின்றி ஓடிவிடும். ஒவ்வொரு நாளும் ஓட்டுமுன் காரைத் தூக்கிவைத்து, றிமோட்டை நிறுத்தி இந்த வசதி வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்.

பொறுமை

புது எஞ்சினை உடனே விரட்டக்கூடாது. முதல் நான்கைந்து தாங்கி எரிபொருளை, ஊசித் திருகைத் தளர்த்தி வைத்து, மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். டென்மார்க் குளிரில் இன்னும் கவனம் தேவை. குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே மிக இறுக்கமாக இருக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியால் எஞ்சினைச் சூடாக்கிய பின் இழுங்கள். ஓடி முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, உள்ளே மிஞ்சிய எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, சில துளி பாதுகாப்பு எண்ணெய் விட வேண்டும். மெதனோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அப்படியே விட்டால் அடுத்த கிழமை துரு பிடித்திருக்கும்.

பத்து நிமிட ஓட்டத்துக்கு அரை மணித்தியாலத் துப்புரவு. இதுதான் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விடயம். வேகம் மட்டும் போதும் என்று பிள்ளை சொன்னால் பற்றரிக் கார் வாங்கிக்கொடுங்கள். அது குறைந்த செலவில் இன்னும் வேகமாக ஓடும். எஞ்சினைக் கழற்றிப் பூட்ட ஆசை என்றால், உங்களுக்கும் சனிக்கிழமைகளில் நேரம் இருந்தால், நைற்றோ வாங்குங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எரிபொருள் கலனைத் திறப்பதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டு வழக்கில் தாயார் மூன்று நிபந்தனைகளுடன் தீர்ப்புச் சொன்னா: எரிபொருள் வீட்டுக்குள் வராது, கழகத் தளத்தில் மட்டும் ஓடும், துடைப்பது மகனின் வேலை. பத்தில் ஒன்று ட்ரக் ஒன்று புதிதாக வாங்கினோம். முதல் நாள் நான் கயிற்றை இழுத்தேன், ஓடவில்லை. புகைக் குழாயைப் பார்த்துவிட்டு, “கூடக் குடிச்சிட்டுது” என்றேன். அது எப்படித் தெரியும் என்று மகன் கேட்டான். அன்றுதான் அவனுக்கு மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றிச் சொன்னேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தபடி அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த இழுவையில் எஞ்சின் பிடித்தது.