மறைபொருளிற் கணக்கு

பரந்தனிற் கமஞ்செய்யும் ஒருவர், தம் இரு வயல்களின் விளைவாகிய 40 மூடையையும் 60 மூடையையும் கணக்கப்பிள்ளைக்கு வெளிப்படுத்த விரும்பவில்லை எனக் கொள்க. தமக்கே தெரிந்த 7, 9 என்னும் எண்களை அவற்றொடு கூட்டி, 47, 69 என எழுதிக் கொடுக்கின்றார். கணக்கப்பிள்ளை 116 எனத் தொகை தருவார்; கமக்காரர் 16ஐக் கழித்து 100 என அறிவார். கூட்டல் இவ்வாறு எளிதில் முடிந்தது. பெருக்கலோ அத்தகையதன்று. 47ஐ 69ஆற் பெருக்க வருவது 3243. உண்மை விடை 2400. மிகையாகிய 843ஐக் களைய வேண்டின், மறைத்த எண்களையே எடுத்து மீண்டும் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். பின்னர்க் கணக்கப்பிள்ளையால் ஆய பயன் யாது?

மறைத்த எண்களின்மேற் கணக்கீடு நிகழ்த்தலாகுமா என்னும் வினாவை றிவெஸ்ற், அடில்மன், டெர்தூசோஸ் ஆகியோர் 1978இல் எழுப்பினர். கூட்டலும் பெருக்கலும் ஒருங்கே கைகூடின், கணனி செய்யும் எக்கணக்கும் கைகூடும். நோயாளர் பதிவேட்டைப் பிறர் கணனியில் ஒப்படைத்தும், அதிலுள்ளதை அவர் அறியாவண்ணம் ஆராயலாம். முப்பதாண்டு கழித்து, 2009இல், கிரெய்க் ஜென்ட்ரி முதல் வழியைக் கண்டார். ஆயினும் அது தனிவகையான கணித அமைப்பொன்றின் கடினத்தை நம்பி நின்றது. அறிஞர் பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

அதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தவருள் ஒருவர் வினோத் வைகுந்தநாதன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2003இற் பட்டம் பெற்ற அவர், மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஷாபி கோல்ட்வாசரிடம் பயின்று 2009இற் கலாநிதியானார்; ரொறன்ரோவிற் கற்பித்தபின் 2013இல் அந்நிறுவகத்துக்கே ஆசிரியராக மீண்டார்.

2011இல் அவரும் சுவிகா பிரக்கெர்ஸ்கியும், ஓடெட் ரெகெவ் 2005இல் வகுத்த புதிரொன்றைக் கைக்கொண்டனர். அதில் ஒருபடிச் சமன்பாடுகள் பல உள. ஒவ்வொன்றிலும் சிறு பிழை வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருக்கும். பிழை இல்லையேற் பள்ளி மாணவன் கற்ற முறையே போதும். பிழை புகுந்தபின் பெருங்கணனியும் திகைக்கும். அப்பிழையே பூட்டு. ஆனாற் பெருக்குந்தோறும் பிழை பருத்து விடையை விழுங்க முற்படும். அடுத்த ஆண்டு, ஜென்ட்ரியும் உடன்சேர அவர்கள் வெளியிட்ட முறையில், எண்களை இடையிடையே சிறிய அளவுக்கு வகுத்துப் பிழையையும் உடன் சுருக்கும் உபாயம் அமைந்தது. 2022இல் மூவரும் கோடல் பரிசைப் பகிர்ந்தனர்.

இம்முறையிற் செய்யுங் கணக்கு, வெளிப்படையான கணக்கினும் பன்மடங்கு காலங் கொள்வது. அன்றியும், புதிரின் கடினம் நிறுவப்பட்ட உண்மையன்று. குவாண்டக் கணனிக்கும் அதனை விரைந்து தீர்க்கும் வழியை இதுகாறும் எவருங் கண்டிலர் என்பதே அறிஞர்தம் பற்றுக்கோடு.