வாய் சிவப்பது ஏன்?

கல்யாண விருந்து முடிந்தது. அடுத்து என்ன? வெற்றிலைத் தட்டுதான்!

நெல்லைச் சீமையில் வெற்றிலை என்றால் ஆத்தூர் வெற்றிலை. தாமிரபரணி கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர் இது. 1986-ம் ஆண்டு வரை நெல்லை மாவட்டத்தில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. இங்குள்ள கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறுகிறது. 2023-ம் ஆண்டு இந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மணம் எப்படி வருகிறது?

வெற்றிலைக் கொடி, மிளகுக் கொடிக்கு உறவு. அதன் இலைக்குள் மணமுள்ள எண்ணெய் இருக்கிறது. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்ற பொருள் பல வெற்றிலைகளிலும் உண்டு.

மெல்லும்போது இலை நசுங்கி, எண்ணெய் வெளியே வருகிறது. அதன் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வெற்றிலையை மென்று பாருங்கள். காரம் தெரியும். மணம் தெரியாது!

சூயிங்கத்திலும் இதே கதைதான். அதன் பசை கரைவதில்லை. சர்க்கரை மட்டும் உமிழ்நீரில் கரைந்துவிடுகிறது. இனிப்புப் போனதும், மணம் மிச்சம் இருந்தாலும், சுவையே போய்விட்டதாகத் தோன்றுகிறது.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

வெற்றிலை பச்சை. சுண்ணாம்பு வெள்ளை. பாக்கு பழுப்பு. வாய் மட்டும் ஏன் சிவக்கிறது? பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் சுண்ணாம்புடன் சேரும்போது நிறம் மாறிச் சிவக்கிறது. பாக்கு இல்லாமல் போட்டால் அந்தச் சிவப்பு வராது.

ஆபத்து எதில்?

பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. மென்றதும் உடம்பில் சூடும் சுறுசுறுப்பும் உண்டாவது இதனால்தான். 'இன்னும் ஒரு தடவை' என்று கேட்க வைப்பதும் இதுதான்!

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ம் ஆண்டு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அது கூறியது. புகையிலை சேர்க்காமல் பாக்குடன் தாம்பூலம் போட்டாலும் ஆபத்துதான். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

பாக்குப் பழக்கம் உள்ள சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகிப்போகும். வாயை நன்றாகத் திறக்க முடியாது. காரம் பட்டால் எரியும். ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாத்தாவும் பாட்டியும் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும்போது வீட்டில் உள்ளவர்கள் இதை எடுத்துச் சொல்லலாம். மணம் தருவது இலை. வினை தருவது பாக்கு. இலை இருக்கட்டும், பாக்கை விட்டுவிடுங்கள்!