தல யாத்திரையில் தங்குமிடமும் கைப்பொருட் காவலும்

நடுநாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்றாகிய திருமுதுகுன்றம் இந்நாளில் விருத்தாசலம் என வழங்கப்பெறுகின்றது. விருத்தம் என்பது முதுமை. அசலம் என்பது மலை. மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் பெரியநாயகியம்மையுடன் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தைக் காசிக்கு ஒப்பாகக் கொண்டு விருத்தகாசி என்று போற்றுவதும் உண்டு. விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப் பாதையில், சேலத்திற்கும் கடலூருக்கும் கிளை பிரியும் சந்திப்பு இவ்வூர். பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. நாள்தோறும் வந்து செல்லும் அடியவர்களோடு, மாசி மகப் பெருவிழாவின்போது மணிமுத்தாற்றில் நீராடவும் தேர் காணவும் பல்லாயிரவர் கூடுவர். அந்நாள்களில் ஓர் அறை கிடைப்பது அரிது. அறை அரிதாகும் இடத்தில் ஏமாற்றுவோர்க்கு வேலை எளிதாகி விடுகின்றது.

பொருளைக் காத்துக் கொள்வது எப்படி என்பதற்கு இத்தலத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இங்கே இறைவன்பால் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனைச் சுமந்து செல்வதற்கு வழி அச்சமுடையது. இறைவன் ஆணைப்படி மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்துக் கொண்டார் என்று பெரியபுராணம் கூறும். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் வழக்கு இதிலிருந்து பிறந்தது. ஆற்றில் இடுமுன் அவர் செய்த ஒரு செயலைப் பலர் மறந்து விடுகின்றனர். அப்பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டை, மச்சம் என்று வெட்டி எடுத்துக் கையில் வைத்துக் கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடி முறையிட்டு முழு மாற்றும் பெற்றார். தம்பிரான் தோழராகிய அவரே, இறைவன் தந்த பொன்னுக்கும் சான்று வைத்துக் கொண்டார் எனின், முன்பின் அறியாத ஒருவனிடம் அறைக்கு அட்வான்ஸ் கொடுப்போர் ரசீது கேட்பதற்கு நாணுவது ஏனோ!

முற்காலத்தில் யாத்திரிகர்க்கு இக்கவலை மிகுதியாக இருந்ததில்லை. கால்நடையாகச் செல்லும் வழியெல்லாம் சத்திரங்கள் இருந்தன. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரமும், தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி இராமேசுவரம் செல்லும் வழியில் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரமும், நகரத்தார் காசியில் நடத்தி வரும் சத்திரமும் அவ்வறத்தின் சான்றுகள். காசியில் குமரகுருபர அடிகள் நிறுவிய மடமும் தென்னாட்டாரின் புகலிடமாயிற்று. இடமே கிடைக்காவிடினும் ஒரு திண்ணை கிடைக்கும். விருத்தாசலத்திற்கு வடக்கே திருக்கோவலூரில், மழையிருளில் ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவர் சந்தித்த வரலாற்றை அறியாதார் யார்? ஒருவர் கிடக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் போதுமான இடம் அது. அத்தகைய திண்ணைகளும் இடைகழிகளும் இன்று கம்பிக் கதவுக்குள் அடைபட்டு விட்டன. புகைவண்டியை விட்டு இறங்கும் அன்பர்கள் விலைக்கு அறை தேட வேண்டியிருக்கின்றது.

அறை தேடுவோர் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. மதுரைப் புறஞ்சேரி அறவோர் உறையும் இடம். இல்லறத்தார் தங்குதற்கு ஏற்றதன்று என்று கருதிய கவுந்தியடிகள், அவ்வழியே வந்த ஆயர் முதுமகள் மாதரியின் பண்பினை அறிந்து, கண்ணகியையும் கோவலனையும் அவள்பால் ஒப்படைத்தார். மாதரியின் இல்லம் எளியதே; ஆயினும் காவல் உடையது. தங்குமிடத்தைப் பொறுத்தவரை அடிகளின் தேர்வில் குற்றம் காண இயலாது. கேடு வந்தது கடைத்தெருவில். நூறு கம்மியர் பின்தொடர, அரண்மனை ஆடை புனைந்து வந்த பொற்கொல்லனின் தோற்றத்தையே சான்றாகக் கொண்டு கோவலன் சிலம்பைக் காட்டினான். அவனோ தன் குடிலின் அருகேயிருந்த தேவகோட்டத்தில் காத்திருக்கச் சொல்லி விட்டு அரண்மனைக்குச் சென்றான். கோயிலை ஒட்டிய இடமாயிற்றே என்ற நம்பிக்கையும், அரசனுக்கு வேண்டியவன் என்ற தோற்றமும் சேர்ந்தே ஏமாற்றின. கோயில் வாயிலில் திருநீறும் உருத்திராக்கமும் அணிந்து, 'அதிகாரிகள் எல்லாரும் நமக்கு வேண்டியவர்கள். வரிசையில் நிற்காமல் தரிசனம் செய்து வைக்கிறேன்' என்று கூறுவோரைக் காணும்போது அப்பொற்கொல்லன் நினைவுக்கு வர வேண்டும். கட்டணச் சீட்டு எதுவாயினும் திருக்கோயில் அலுவலகத்திலோ சீட்டு விற்கும் முகப்பிலோதான் பெறுதல் வேண்டும். வெளியில் கைமாறும் சீட்டு பழையதாகவோ போலியாகவோ இருப்பின், பணம் போவதோடு வரிசையில் அவமதிப்பும் நேரும்.

இரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் இறங்கியவுடன் வந்து சூழ்வோர் கூறும் சொற்கள் எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே. 'நீங்கள் சொல்லும் லாட்ஜ் மூடிப் பல நாளாயிற்று', 'அங்கே இடமில்லை. இதைவிட நல்லதாக, கோயிலுக்குப் பக்கத்திலேயே காட்டுகிறேன்' என்பன. அழைத்துச் செல்பவர்க்கு அவ்விடத்தார் தரகு தருவர். அத்தரகு அறை வாடகையோடு சேர்ந்து தங்குவோர் தலையில் விழும். எல்லா ஆட்டோ ஓட்டுநரும் அப்படிப்பட்டவர் அல்லர். வழி தெரியாத முதியவரைக் கூலி வாங்காமல் கோயில் வாயிலில் இறக்கி விடுவோரும் உளர். ஆயினும் போகுமிடத்தின் பெயரை உறுதியாகச் சொல்லி, கூலியைப் பேசி முடித்த பின்னரே வண்டியில் ஏற வேண்டும். மூடப்பட்டதா இல்லையா என்பதை விடுதிக்கே தொலைபேசியில் கேட்டறிவது ஒரு நிமிட வேலை.

அறையைப் பார்க்காமல் பணம் கொடுத்தல் ஆகாது. விருத்தாசலத்தில் பீங்கான் பொருள் வாங்குவோர் அதனை விரலால் சுண்டிப் பார்ப்பர். கணீரென்று ஒலித்தால் நலம், மழுங்கிய ஒலி எழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு. அறைக்கும் அவ்வாறு சில சுண்டல்கள் வேண்டும். கதவின் உள்தாழ்ப்பாள் இறுகப் பிடிக்கின்றதா, சன்னல் வெளியிலிருந்து திறக்கக் கூடியதா, குளியலறையில் நீர் வருகின்றதா என்று பார்த்தல் வேண்டும். வாடகை ஒரு நாளுக்கு எனும்போது அது 24 மணி நேரக் கணக்கா, நண்பகலில் காலி செய்யும் கணக்கா என்று முன்னரே கேட்டு விட வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இவ்வொரு வினாவைக் கேளாமையால் வருவன. கட்டணப் பட்டியலை யாவரும் காண எழுதி வைத்தல் புதிய வழக்கமன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1867-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சராய்ச் சட்டமே, வழிப்போக்கர் விடுதிகளைப் பதிவு செய்யவும், தூய்மை பேணவும், கட்டணப் பட்டியலை வெளியிட்டு வைக்கவும் விதித்திருந்தது. பட்டியலும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை, ரசீதும் தருவதில்லை எனும் இடத்தில் ஒரு நாளும் தங்க வேண்டாம். அடையாளச் சான்று கேட்பது முறையே. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி அச்செடுக்கும் வசதியை ஆதார் ஆணையமே அளித்துள்ளது; அப்படியை எடுத்துச் செல்வது நலம்.

கூட்டமாக வருவோர் மண்டபங்களை அமர்த்துவர். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் வழி. 2004-ஆம் ஆண்டு சனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தலில் பற்றிய தீ ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. 2023 ஆகத்து 26 அன்று மதுரை இரயில் நிலையத்தில், வடநாட்டிலிருந்து யாத்திரை வந்தோர் தங்கியிருந்த பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டு வந்த சமையல் எரிவாயு உருளையால் தீ மூண்டு ஒன்பது பேர் மாண்டனர். தங்கும் அறைக்குள்ளும் வண்டிக்குள்ளும் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வழக்கத்தைக் குழுத் தலைவர்கள் உறுதியாக விலக்க வேண்டும். யாத்திரைச் சோறு வெந்தால் போதும் என்று இருத்தல் தகாது.

கைபேசி வந்தபின் ஏமாற்றுவோர் இரயிலடிக்கு வர வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தாமே கைபேசியில் தேடி அறை பதிவு செய்யும் முதியோர் இப்போது பலர். தேடும்போது முதலில் தோன்றுவது உண்மையான விடுதி என்று கொள்ளுதல் பிழை. விளம்பரத்திற்குப் பணம் கட்டியவரே பல வேளைகளில் முதலில் தோன்றுவர். திருக்கோயில் விடுதியின் படமும் பெயரும் வைத்துப் போலி இணையதளம் அமைத்து, பணத்தை முன்னரே அனுப்பச் சொல்லி, வந்ததும் எண்ணை அணைத்து விடுகின்றனர். ஊருக்கு வந்து சேர்ந்து விடுதி முகப்பில் நிற்கும்போதுதான் பதிவே நடைபெறவில்லை என்பது தெரியவரும். வாழ்நாளில் ஒருமுறை என்று சேர்த்து வைத்த யாத்திரைப் பணம் அவ்வாறு போவதைக் காட்டிலும் துயரம் வேறில்லை.

இது ஓரிடத்துச் செய்தியன்று. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இணையக் குற்றத் தடுப்பு மையம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், யாத்திரிகர்களைக் குறிவைத்து நடைபெறும் பதிவு மோசடிகளைப் பற்றி நாடு முழுமைக்கும் எச்சரிக்கை விடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர்ப் பயணம், யாத்திரை விடுதி அறைகள், வாடகைக் கார் ஆகியவற்றின் பெயரால் போலித் தளங்களும் முகநூல் பக்கங்களும் இயங்குவதை அது சுட்டிக் காட்டியது. திருமலை திருப்பதி தேவத்தானமும் போலித் தளங்களைப் பற்றிப் பலமுறை அறிவித்துள்ளது. தமிழ்நாட்டில் திருக்கோயில் விடுதிகளை நாடுவோர் அறநிலையத் துறையின் இணையதளம் வழியாகவோ, அத்திருக்கோயில் அலுவலகத்தை நேரே தொடர்பு கொண்டோ பதிவு செய்தல் வேண்டும். அரசுத் தளங்களின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விலகி விடுக. பணம் தனியார் ஒருவரின் பெயரில் உள்ள கணக்கிற்குப் போகின்றதெனில் அது கோயில் கணக்கன்று.

கைபேசிப் பணத்தில் மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். இரகசிய எண்ணை இடுவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. 'அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்து எண்ணை இடுங்கள்' என்பவன் திருடன். ஓடிபி எண்ணைக் கேட்பவனும் அவ்வாறே. உண்டியலின் அருகே ஒட்டப்பட்ட கோட்டில் பணம் செலுத்துமுன், திரையில் திருக்கோயிலின் பெயர் வருகின்றதா என்று படித்துப் பார்க்க வேண்டும். மேலே வேறொரு தாளை ஒட்டி விட்டுப் போவோரும் இருக்கின்றனர்.

ரசீதையும் படத்தையும் பத்திரப்படுத்துவதால் என்ன பயன் என்று கேட்போர்க்கு விருத்தாசலத்துத் திருமேனி ஒன்றின் வரலாறு விடை தரும். இத்திருக்கோயிலில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிற்பம் களவுபோய், கடல் கடந்து, 2004-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு கலைக்கூடத்திற்கு விற்கப்பட்டது. விற்றவர் காட்டிய பழைய உரிமைப் பத்திரங்களைக் கலையறிந்த பெரியோரே நம்பினர். ஆனால் சிற்பம் கோயில் மாடத்தில் இருந்த காலத்தில் எடுத்த நிழற்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது. அப்படத்தின் முன் பத்திரங்கள் நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லிக்கு வந்து அத்திருமேனியை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். எவரோ முன்னாளில் எடுத்து வைத்த ஒரு படம், சுந்தரர் கையிலிருந்த மச்சத்தைப் போல உதவிற்று.

ஆதலின் ஏமாற்றத்தை உணர்ந்தவுடன், வெட்கத்தால் மறைத்து வைக்காமல், செலுத்திய விவரம், பேசிய எண், வந்த செய்தி ஆகியவற்றை அழிக்காது வைத்துக் கொண்டு 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கின்றோமோ அவ்வளவிற்குப் பணம் மறுகணக்கிற்குப் போகுமுன் வங்கி அதனை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. மறுநாள் பார்த்துக் கொள்ளலாம் என்றால் அது பல கை மாறிப் போயிருக்கும். விடுதியார் கூடுதல் கட்டணம் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரயில் பயணத்தில் இடர் நேர்ந்தால் 139. தனியே வரும் மகளிர்க்கு 181. எந்த ஆபத்திற்கும் 112. இவ்வெண்களைக் கைபேசியில் மட்டும் வைத்திராமல் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்தல் நன்று. கைபேசியே களவு போனால் என் செய்வது?

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் திருக்கோயில் இருக்கின்றது. திருமுதுகுன்றத்தைப் பாடாது கடந்து சென்ற சுந்தரரை, முருகப் பெருமான் வேடன் உருவில் மறித்துப் பொருளைக் கவர்ந்து, 'வேண்டுமாயின் பழமலைநாதரிடம் வந்து பெற்றுக்கொள்' என்று கூறி மறைந்ததாக அவ்வூர்த் தலவரலாறு சொல்கின்றது. பொருளை இழந்தோரும், ஏமாற்றப்பட்டோரும், நீதி கிடைக்காதோரும் தம் குறையைத் தாளில் மனுவாக எழுதி, அர்ச்சகர் வழியாகப் பெருமான் திருமுன் வைத்து, வேலிலே கட்டி வருவது அங்கு நெடுநாள் மரபு. அதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். 1930-க்குத் தெரிவித்து, காவல் நிலையத்தில் மனுவும் கொடுத்த பின்னர் அங்கே சென்று பிராது கட்டுவோர் இந்நாளிலும் உளர். குறை தீர்ந்தவர் மீண்டும் வந்து, தாம் கட்டிய பிராதைத் திரும்பப் பெற்றுக் கொள்வதும் அத்தலத்து முறையே.