மூடிய அறையும் கரிக் கணப்பும்

காவிரிப் பாசனக் கிராமங்களில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலும் மார்கழி, தை மாதங்களின் பனியிலும் வீட்டிற்குள் கணப்பு வைக்கும் வழக்கம் நெடுநாளையது. பிள்ளை பெற்றவளும் சிசுவும் இருக்கும் அறையிலும், முதியோர் படுக்கும் இடத்திலும் குமுட்டி அடுப்பில் அடுப்புக்கரி, கொட்டாங்கச்சி முதலியவற்றை இட்டு வைப்பர். நிலக்கரி கிடைத்தவிடத்து அதனையும் இடுவர். அடுப்பை வாசலில் மூட்டி, புகை அடங்கித் தணல் சிவந்த பின்னரே உள்ளே கொணர்வர். புகை ஒழிந்தமையால் அபாயமும் ஒழிந்ததென்பது ஜனங்களின் எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. மூடிய அறையில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் புகையற்ற தணலேயாகும்.

இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். பிட்டுமினஸ் என்னும் வகை நிலக்கரியைச் சூடாக்கினால், முதலில் அதிலுள்ள தாரும் எரிவாயுக்களும் வெளிப்பட்டுக் கரும்புகையாகின்றன. அவை நீங்கியபின் எஞ்சுவது, அடுப்புக்கரியைப்போலவே, பெரும்பாலும் கார்பன் என்னும் கரிப்பொருளே. அடுப்பின் அடியில் நுழையும் காற்றிலுள்ள பிராணவாயு இக்கரியோடு சேர்ந்து கரியமிலவாயுவாகிறது. அவ்வாயு மேலேயுள்ள செந்தணலின் ஊடே எழும்போது இன்னும் சிறிது கரியைக் கவர்ந்துகொண்டு கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவாக மாறுகிறது. தணலின்மேல் தோன்றும் நீலச் சுவாலை இவ்வாயு எரிவதேயாகும். சாம்பல் பூத்துச் சுவாலை அவிந்தபின், வாயு எரியாமல் அறையிற் பரவுகிறது. இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும் உமித்தணலிலும் இவ்வாயு உண்டு.

இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, கண்ணையும் கரிப்பதில்லை. சுவாசத்தின் வழியே இரத்தத்தை அடைந்து, அங்குள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. அதனால் மூளையும் இருதயமும் பிராணவாயுவின்றித் தவிக்கின்றன. உறங்குவோர் விழிக்காமலே மூர்ச்சையடைவர். சிசுக்களும், கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள குழந்தைகளும், இருதய நோயாளரும் இதனால் விரைவில் கேடுறுவர். யாருடைய நலத்திற்காகக் கணப்பு வைக்கப்படுகிறதோ, அவர்களுக்கே அபாயம் அதிகம்.

குளிர் மிகுந்த தேசங்களில் நிலக்கரி அடுப்பைப் புகைபோக்கியின்றி வீட்டில் வைப்பதில்லை. புகைபோக்கி இருந்தும் அது அடைபட்டால் பயனில்லை. பிரான்ஸ் தேசத்துப் பிரசித்தி பெற்ற நாவலாசிரியர் எமிலி ஸோலா, 1902-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துத் தம் படுக்கையறையில், புகைபோக்கி அடைபட்ட கணப்பின் விஷவாயுவால் உயிர் நீத்தார். நம் மாகாணத்து நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவடைத்து உறங்கியோர் மறுநாள் எழாத சம்பவங்கள் உண்டு.

மலைகளிற்போன்ற குளிர் தஞ்சை நாட்டில் இல்லை. மார்கழி இரவிலும் இங்கு உஷ்ணம் பெரும்பாலும் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். இதற்குக் கம்பளியே போதுமானது, தணல் அவசியமன்று. ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

1. உறங்கும் அறையில் கரி, நிலக்கரி, உமி ஆகிய எந்தத் தணலையும் வைக்கலாகாது. சாளரத்தைச் சிறிது திறந்து வைப்பது போதிய காப்பன்று.

2. சிசுவைத் தாயின் மார்போடு உடல் பட அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, தலைக்குக் குல்லாய் அணிவித்தல் நலம். பிறந்த முதல் நாளில் குளிப்பாட்டாதிருத்தலும் உடற்சூட்டைக் காக்கும்.

3. ஈரத்தரையில் படுக்காமல் கட்டிலிலோ வைக்கோலின்மேல் விரித்த பாயிலோ படுத்தல் வேண்டும்.

4. குளிர் காய்வதானால் திண்ணையிலோ வாசலிலோ காய்ந்து, நெருப்பை முற்றிலும் அவித்த பின்னரே உள்ளே செல்லல் வேண்டும். கீற்றுக் கூரையின் அருகே ஒருபோதும் நெருப்பு மூட்டலாகாது.

கணப்புள்ள வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் காணுமாயின், அஜீரணமென்றோ திருஷ்டியென்றோ எண்ணி நேரம் போக்கலாகாது. உடனே கதவுகளைத் திறந்து, அனைவரையும் வெளிக்காற்றிற்குக் கொணர்ந்து, 108 எண்ணுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே பிராணவாயு அளிப்பதே தக்க சிகிச்சை. வெளியே வந்ததும் தலைவலி நீங்கிற்றென்று மீண்டும் அதே அறைக்குட் செல்வது பேராபத்து.

பிரசவங்கள் இக்காலத்தில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நிகழினும், தாயும் சேயும் வீடு திரும்பிய பின் பழைய வழக்கங்களே சில வீடுகளில் தொடர்கின்றன. பாட்டிமார் அன்பினால் வைக்கும் கணப்பு இது; கடிந்துரைப்பதால் பயனில்லை, காரணத்தை எடுத்துரைத்தல் வேண்டும். மழைக்காலத்திற்கு முன் கூடும் சங்கக் கூட்டத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்து, பெண்களும் வந்திருக்குமாறு செய்து, இவ்விஷயத்தைப் பேசச் செய்வது சங்கத்திற்குச் செலவில்லாத பெரும் சேவையாகும்.