அந்தக் கருவிக்குக் காசு கொடுப்பது யார்?

வாடகை ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு என்பது முன்கூட்டியே இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஃபிக்ஹில் 'இஜாரா' பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் இக்காலத்தில், கூலி எந்த வழியாக வந்து சேரும், அந்த வழிக்கு ஆகும் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் அதனுடன் சேர்ந்துகொண்டுள்ளன. இதை எனக்கு உணர்த்தியவர் செஞ்சியைச் சேர்ந்த முதிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்.

இலண்டனில் பணிபுரியும் என் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். செஞ்சிக் கோட்டையைக் கண்ட பிறகு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மகேந்திரவர்ம பல்லவன் அமைத்த மண்டகப்பட்டுக் குடைவரையையும் காண விரும்பினான். ஓர் ஆட்டோவை அமர்த்தி, போய்வரக் கூலி பேசிய பின்னரே ஏறினோம். திரும்பி வந்து இறங்கியதும் அவன் வங்கி அட்டையை நீட்டினான். அட்டையை வாங்கும் கருவி ஓட்டுநரிடம் இல்லை. செல்போனில் பணம் அனுப்புவதற்கான க்யூஆர் அட்டையும் வண்டியில் இல்லை.

"மாமா, எங்கள் ஊர் டாக்ஸியில் அட்டையை மறுக்கவே கூடாது, சட்டம் இருக்கிறது" என்றான் மருமகன்.

ஓட்டுநர் கோபப்படவில்லை. "நல்ல சட்டம்தான் தம்பி. அந்த மிஷினுக்குக் காசு யார் கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் பையிலிருந்த ரொக்கத்தைக் கொடுத்து அனுப்பினேன். கேள்வி மட்டும் என்னுடனே வீட்டுக்கு வந்தது.

இலண்டன் அதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. 2016 அக்டோபர் 31 முதல் அந்நகரின் உரிமம் பெற்ற கறுப்பு டாக்ஸிகள் அனைத்தும் அட்டைகளை ஏற்றாக வேண்டும் என்று அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் விதித்தது. கருவி நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அட்டையில் செலுத்துவதற்கென்று பயணியிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. அத்துடன் அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஓட்டுநருக்கு ஏற்படும் செலவை எண்ணி, குறைந்தபட்சக் கட்டணத்தை அதே ஆண்டில் 2 பவுண்டு 40 பென்ஸிலிருந்து 2 பவுண்டு 60 பென்ஸாக உயர்த்தினார்கள். அதாவது, கருவியின் சுமை பயணிகள் அனைவர் மீதும் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டது.

நியூயார்க்கில் இவ்வளவு அமைதியாக முடியவில்லை. மஞ்சள் டாக்ஸிகளில் அட்டைக் கருவியும், இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் பொருத்த வேண்டும் என்று 2007-இல் கட்டாயப்படுத்தியபோது, அட்டையில் வரும் வருவாயில் 5 விழுக்காடு ஓட்டுநரிடமிருந்து பிடிக்கப்படும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஓட்டுநர் சங்கத்தினர் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தின் தலைமையில் இருந்தவர் இந்தியாவில் பிறந்த பைரவி தேசாய் என்னும் பெண்மணி. கருவி பொருத்தப்பட்டது, ஆயினும் செஞ்சி ஓட்டுநர் கேட்ட அதே கேள்விதான் அங்கும் தெருவில் ஒலித்தது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2013 ஆகஸ்ட் 25 முதல் சென்னையில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பின்னர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. ரசீது அச்சிடும் ஜி.பி.எஸ். மீட்டரை இலவசமாகவே தருவோம் என்றும் அறிவித்தது. அறிவிப்பில் செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடை இருந்தது. கருவிதான் எல்லா ஆட்டோக்களுக்கும் வந்து சேரவில்லை. கட்டணமோ ஆண்டுக்கணக்கில் மாறாமல் நின்றது. எரிபொருள் விலை நிற்கவில்லை. மீட்டர் மறக்கப்பட்டதற்கு ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது.

பிறகு யாரும் கட்டாயப்படுத்தாமலே வேறொரு வழி வந்தது. 2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில் கருவியே வேண்டாம். அச்சிட்ட ஒரு க்யூஆர் அட்டை போதும். 2020 ஜனவரி 1 முதல் யூ.பி.ஐ. வழியாகவும் ரூபே டெபிட் அட்டை வழியாகவும் பணம் பெறும் வணிகரிடம் வங்கிகள் கழிவுத்தொகை பிடிக்கக் கூடாது என்றும் ஆயிற்று. மின்னணு முறையில் பணம் பெறும் வசதியைக் கட்டாயமாக்கிய வருமான வரி விதியும் ஆண்டு விற்பனை 50 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கே அன்று விதிக்கப்பட்டது. ஏழை ஓட்டுநர் அதற்குள் அடங்கவில்லை.

அப்படியானால் அந்தப் பெரியவரிடம் ஏன் க்யூஆர் அட்டை இல்லை? சில நாட்கள் கழித்துப் பேருந்து நிலையத்தருகே அவரைக் கண்டபோது கேட்டேன். "இருந்துச்சு ஹஜ்ரத். மகன் பேருல இருந்துச்சு. காசு அவன் கணக்குக்குப் போயிடும். சாயங்காலம் பெட்ரோலுக்கு அவன்கிட்ட கையேந்தணும். கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

நாள் முழுதும் உழைத்த தகப்பன், தன் கூலியைத் தானே கேட்டு வாங்க வேண்டிய நிலை! இலவசம் என்று நாம் நினைக்கும் வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைச் செலுத்துவோர் பெரும்பாலும் முதியவர்களும், சொந்தக் கணக்கும் செல்போனும் இல்லாத பெண்களுமே.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இருப்புத் தொகை தேவையில்லாத ஜன்தன் கணக்குத் திட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. சாதாரண பட்டன் செல்போனிலும் யூ.பி.ஐ.யைப் பயன்படுத்த 2022 மார்ச்சில் வசதி செய்யப்பட்டது. வேண்டியது கூட இருந்து கற்றுத்தரும் ஓர் ஆள்தான். வீட்டில் படித்த பிள்ளைகள் இருப்பின், தாய் தந்தையரின் வருவாய்க்கு அவரவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். வசதிக்காக உங்கள் கணக்கைக் கொடுப்பது உதவிபோலத் தோன்றும். ஆனால் அது அவர்களின் கையைக் கட்டிவிடும்.

பயணம் செய்வோருக்கும் ஒரு சொல். ஏறும் முன் கூலியைப் பேசுவதுபோல், எப்படித் தருவோம் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். சிறிது ரொக்கமும் பையில் இருக்கட்டும்.

அந்தப் பெரியவருக்கு இப்போது அவர் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. எங்கள் மதரஸா மாணவன் ஒருவனின் அண்ணன் உடன் சென்று முடித்துக் கொடுத்தான். வண்டியில் புதிய க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. அடுத்த விடுமுறையில் மருமகன் வரும்போது, அவனுடைய சட்டத்தைப் பற்றி இருவரும் மீண்டும் பேசிக்கொள்ளட்டும்.