கம்பம் நடுமுன் கேட்க வேண்டியவை

எங்கள் ஒழுங்கை முகப்பில் புதுக் கம்பம் ஒன்று எழுந்தால் அம்மா முதலில் கேட்பது, "அதில கமரா இருக்கோ?" என்றுதான். வன்னியில் அது போர் தந்த பழக்கம்.

2019இல் யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள் 'ஸ்மார்ட்' மின்கம்பங்கள் வந்தபோது, 5ஜி என்று அஞ்சிய மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 5ஜி அல்ல என்று சபை விளக்கியும் சந்தேகம் தீரவில்லை. அந்தக் கேள்வி நாளை கரைச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வரலாம்.

பெரிய கோபுரத்தின் அலை கிலோமீற்றர் கணக்கில் எட்டும். சிறு அன்ரனா சில நூறு மீற்றருக்கே எட்டும், வலுவும் குறைவு. ஆனால் எண்ணிக்கையில் கூடும், வீட்டுக்கு அருகில் வரும். 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்குப் பொதுமக்கள் சார்ந்த சர்வதேச வரம்பு சதுர மீற்றருக்கு 10 வாட். அளந்து காட்டினால் பயம் பாதி குறையும்.

அலைவரிசையை வழங்குவது கொழும்பிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கட்டுமான அனுமதிக்குப் பிரதேச சபையைக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவை அறிவிக்க வேண்டும்.

கேளுங்கள்: யாருடைய கம்பம்? என்ன பொருத்தப்படுகிறது? கமரா உண்டா? கதிர்வீச்சை அளந்தது யார்? எங்களுக்குச் சிக்னலும் வேண்டும், பதிலும் வேண்டும்.