கையில் பணம் இருந்தும் தேநீர் இல்லை: விமானங்களில் ‘கார்டு மட்டும்’ நடைமுறை, சட்டம் சொல்வது என்ன?

கஞ்சிக்கோடு (பாலக்காடு): விமானப் பயணத்தின்போது விற்கப்படும் தேநீர், சிற்றுண்டி, குளிர்பானம் ஆகியவற்றுக்கு ரொக்கப் பணத்தை ஏற்காமல், கார்டு மூலம் மட்டுமே கட்டணம் பெறும் நடைமுறை உலகின் பல விமான நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. இதனால், கையில் போதிய பணம் இருந்தும் கார்டு இல்லாத பயணி பசியோடு அமர்ந்திருக்க நேரிடுகிறது. அரசு வெளியிட்ட நோட்டை ஒரு நிறுவனம் வாங்க மறுக்கலாமா? இணைய இணைப்பு இல்லாத உயரத்தில் கார்டு எவ்வாறு இயங்குகிறது? பயணிகள் முன்கூட்டியே என்ன செய்துகொள்ளலாம்?

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைப் பகுதி மக்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. பாலக்காடு மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. எனவே, இப்பகுதியினர் பலர் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள கோவை விமான நிலையத்தையே நாடுகின்றனர். அங்கிருந்து உள்நாட்டு நகரங்களுக்கு மட்டுமின்றி ஷார்ஜா, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டு நகரங்களுக்கும் விமானங்கள் செல்கின்றன. முதன்முறையாக விமானம் ஏறும் தொழிலாளர்களிலும் முதியோரிலும் பலர் ரொக்கத்தை நம்பியே புறப்படுகின்றனர்.

தொடங்கியது எப்போது?

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் 2009-ஆம் ஆண்டிலேயே இந்த மாற்றத்தைச் செய்தன. யுனைடெட் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஜூன் மாதத்திலும், டெல்டா டிசம்பர் மாதத்திலும் உள்நாட்டு விமானங்களில் ரொக்கம் பெறுவதை நிறுத்தின. இலவச உணவு குறைந்து, விலைக்கு விற்கும் வழக்கம் பரவிய காலம் அது. விற்பனை பெருகியபோது, பணிப்பெண்களும் பணியாளர்களும் பணத்தை எண்ணுவதற்கும் சில்லறை கொடுப்பதற்கும் செலவிடும் நேரமும் பெருகியது.

இந்தியாவில் இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் விமானத்தில் உணவை விலைக்கு விற்கின்றன. பணம் பெறும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடலாம் என்பதால், புறப்படும் முன் அந்தந்த நிறுவனத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

நிறுவனங்கள் ரொக்கத்தைத் தவிர்ப்பது ஏன்?

கோவையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமானம் ஏறும், இறங்கும் நிமிடங்களைக் கழித்தால் விற்பனைக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதியே. அதற்குள் 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேடினால் அடுத்த வரிசைக்கு வண்டி நகராது. விமானம் தரையிறங்கிய பின்னர் தொகையை எண்ணி ஒப்படைப்பது, கணக்கு குறைந்தால் பொறுப்பேற்பது, வெளிநாட்டு வழித்தடங்களில் பல நாட்டு நாணயங்களைக் கையாள்வது ஆகிய சுமைகளும் உண்டு. கார்டு முறையில் இவை அனைத்தும் நீங்குகின்றன. ஆனால், அந்த வசதிக்கான விலையைக் கார்டு இல்லாத பயணியே கொடுக்கிறார்.

வானத்தில் கார்டு இயங்குவது எப்படி?

பல விமானங்களில் விற்பனைக் கருவி அந்த நேரத்தில் வங்கியைத் தொடர்புகொள்வதில்லை. கார்டின் விவரத்தையும் தொகையையும் சேமித்து வைத்துக்கொண்டு, தரையிறங்கிய பின்னரே வங்கிக்கு அனுப்புகிறது. எனவே, கணக்கிலிருந்து பணம் கழிவது சில மணி நேரமோ ஓரிரு நாள்களோ தாமதமாகலாம். வங்கியின் உடனடி அனுமதி இருந்தால் மட்டுமே இயங்கும் டெபிட் கார்டுகள் இத்தகைய கருவிகளில் நிராகரிக்கப்படலாம்.

யுபிஐ முறைக்கும் இதே சிக்கல் உண்டு. வழக்கமான யுபிஐ செயலிக்கு இணைய இணைப்பு தேவை. பறக்கும்போது கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கும் என்பதால், வைஃபை வசதி இல்லாத விமானங்களில் அது பெரும்பாலும் பயன்படாது. அன்றாடம் காய்கறிக் கடையில் யுபிஐ மூலம் பணம் செலுத்துபவரும் இங்கே கார்டு இல்லாதவராகவே கருதப்படுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-இன் 26-ஆவது பிரிவின்படி, ரிசர்வ் வங்கி வெளியிடும் நோட்டுகள் இந்தியாவின் எந்த இடத்திலும் சட்டப்படி செல்லுபடியாகும் பணம். ஆயினும், ரொக்கத்தை ஏற்க மறுக்கும் வணிகருக்கு அப்பிரிவு தண்டனை எதையும் விதிக்கவில்லை. ‘இன்ன முறையில் பணம் தந்தால் மட்டுமே விற்போம்’ என்று விற்பனைக்கு முன்பே நிபந்தனை விதிக்கும் நிறுவனங்களுக்கு இதுவே இடமளிக்கிறது.

அமெரிக்காவிலும் தனியார் வணிகர்கள் ரொக்கம் பெற வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. ஆனால், வங்கிக் கணக்கு இல்லாதோர் ஒதுக்கப்படுவதைத் தடுக்க, பிலடெல்பியா நகரம் 2019-ஆம் ஆண்டிலும் நியூயார்க் நகரம் 2020-ஆம் ஆண்டிலும் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தன.

சுங்கச்சாவடியில் ஒரு விதி, விமானத்தில் வேறு விதி

ரொக்கத்திலிருந்து விலகும் மாற்றத்தைக் கஞ்சிக்கோடு மக்கள் தங்கள் சாலையிலேயே கண்டுள்ளனர். வாளையாறு-வடக்கஞ்சேரி தேசிய நெடுஞ்சாலையில் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி அமைந்துள்ளது. நாடு முழுவதும் உள்ள தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அது இல்லாத வாகனங்களுக்கு இரு மடங்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2025 நவம்பர் 15 முதல் இவ்விதி திருத்தப்பட்டது. அதன்படி, ஃபாஸ்டேக் மூலம் 100 ரூபாய் செலுத்த வேண்டிய வாகனம், ஃபாஸ்டேக் இல்லாமல் வந்தால் யுபிஐ மூலம் 125 ரூபாயும் ரொக்கமாக 200 ரூபாயும் செலுத்த வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது.

2025-ஆம் ஆண்டின் அந்தத் திருத்தத்தில் ரொக்கத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டாலும் வழி அடைக்கப்படவில்லை. மாற்றத்தை அரசு விதியாக அறிவித்து, பின்னர் திருத்தவும் செய்தது. விமானத்திலோ முடிவெடுப்பது நிறுவனம் மட்டுமே. கார்டு இல்லையெனில் கூடுதல் விலை கொடுத்தும் வாங்க இயலாது. பக்கத்துக் கடைக்குப் போகவும் வழியில்லை.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* உணவை முன்பதிவு செய்தல்: பயணச்சீட்டுடன் உணவையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். பயண முகவரிடம் ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்குவோர், உணவுக்கான தொகையையும் அங்கேயே செலுத்திவிட முடியும்.

* கார்டின் நிலையை அறிதல்: ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு உத்தரவின்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகள் இந்தியாவில் உள்ள ஏடிஎம்களிலும் கடைக் கருவிகளிலும் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இதைப் புறப்படும் முன்பே வங்கிச் செயலியிலோ கிளையிலோ செய்துகொள்வது நல்லது.

* ரசீதைப் பாதுகாத்தல்: பணம் தாமதமாகக் கழியும் என்பதால், தொகை சரியாகக் கழிக்கப்பட்டுள்ளதா என்று ஒப்பிட ரசீது உதவும்.

* தாமதமானால் உள்ள உரிமை: சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளின்படி, உரிய நேரத்தில் செக்-இன் செய்த பயணியின் விமானம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால், நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் வழங்க வேண்டும். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணங்களுக்கு இந்த வரம்பு 2 மணி நேரம். அந்த உணவுக்குக் கார்டும் வேண்டாம், ரொக்கமும் வேண்டாம்.

புகார்களை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.